கண் வறட்சியும் ஒளிச் சிகிச்சையும்

கண் கலங்குவதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. கண் வறள்வதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. துன்பம் வந்தால் கண்ணீர் பெருகும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் துன்பம் ஏதும் இல்லாத வேளையிலும் கண்ணீர் நம் விழியை விட்டு ஒரு கணமும் நீங்காது காவல் புரிகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் காவல் தளரும்போதுதான் அதன் அருமை புலனாகின்றது. மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், எரிச்சல், மாலை வேளையில் சிவப்பு, படிக்கும்போது எழுத்து மங்கிப் பின் ஒருமுறை இமைத்ததும் தெளிதல் ஆகியவை அக்காவல் தளர்ந்ததன் அறிகுறிகள். 2018ஆம் ஆண்டில் வெளியான வட இந்திய ஆய்வொன்றில், கண் மருத்துவமனைக்கு வந்தோரை வினாக்கள் மூலம் சோதித்தபோது, நூற்றுக்குச் சுமார் 32 பேரிடம் இத்தகைய வறட்சி காணப்பட்டது.

காண்டாக்ட் லென்ஸ் அணிவோர் இத்தொல்லையை மற்றவர்களைவிட மிகுதியாக அனுபவிக்கின்றனர். இதற்கு ஒளியைக் கொண்டு சிகிச்சை செய்யும் முறை ஒன்று இப்போது நம் நாட்டின் பெருநகரங்களிலும் பரவி வருகின்றது. 'ஒளியைப் பாய்ச்சினால் கண்ணில் ஈரம் ஊறுமா?' என்று நேயர்கள் வியக்கக்கூடும். அந்த ஒளி எவ்வாறு வேலை செய்கின்றது, யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதன்று, நம் நாட்டினர் அதில் எதைக் கருத வேண்டும் என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் லென்ஸைப் பற்றிச் சில சொற்கள். விழியின்மேல் பொருத்தும் கண்ணாடி வில்லையை 1888இல் ஜூரிக் நகரில் அடால்ஃப் ஃபிக் என்ற வைத்தியர் விவரித்தார். அது கனமான கண்ணாடி. நெடுநேரம் அணிய இயலாதது. செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஓட்டோ விக்டர்லே என்ற ரசாயன விஞ்ஞானி, 1961ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் சமயத்தில், குழந்தைகள் விளையாடும் இணைப்புத் துண்டுகளைக் கொண்டு தம் வீட்டிலேயே ஓர் இயந்திரம் அமைத்து, நீரை உட்கொண்டு மென்மையாகும் வில்லைகளை வார்த்தெடுத்தார். 1971இல் அமெரிக்க அரசு அவற்றின் விற்பனைக்கு அனுமதி அளித்தது. அதன்பின் மென்மையான லென்ஸ் உலகெங்கும் பரவியது.

லென்ஸ் அணிவது அழகு கருதியே என்று நினைத்தல் தவறு. கருவிழி கூம்பு போலக் குவிந்து மெலியும் 'கெரட்டோகோனஸ்' என்ற நோயில், மூக்குக் கண்ணாடி போதிய தெளிவைத் தராத நிலை உண்டு. அந்நோய் இளவயதினரையே பெரிதும் தாக்குகின்றது. அவர்களுக்குக் காண்டாக்ட் லென்ஸ் ஓர் அலங்காரமன்று. படிப்புக்கும் பிழைப்புக்கும் உரிய பார்வையே அதுதான். 'உறுத்துகிறதா? லென்ஸைக் கழற்றி எறிந்துவிடு' என்று அவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆதலின் லென்ஸ் அணிவோரின் கண் வறட்சி சிறு தொல்லையாகத் தோன்றினும் சிறிய செய்தியன்று.

இனி, கண்ணீரின் அமைப்பைக் காண்போம். விழியின்மேல் படர்ந்துள்ள கண்ணீர்ப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமே உடையது. அத்துணை மெல்லிய படலத்திலும் மூன்று பொருள்கள் பொருந்தியுள்ளன. அடியில், நீர் விழியின்மேல் வழுக்கி ஓடிவிடாமல் பற்றிக்கொள்ளச் செய்யும் வழவழப்பான கோழைப்பொருள். நடுவில், கண்ணீர்ச் சுரப்பிகள் தரும் நீர். மேலே, மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. எண்ணெய் மிதக்கும் குழம்பு விரைவில் ஆறுவதில்லை என்பதை வீட்டில் சமைப்போர் அனைவரும் அறிவர். மேலே படர்ந்த எண்ணெய், நீர் ஆவியாகிப் போவதைத் தடுக்கின்றது. கண்ணிலும் அதே உபாயத்தை இயற்கை கையாண்டிருக்கின்றது.

அந்த எண்ணெய் எங்கிருந்து வருகின்றது? இமைகளின் ஓரத்தில், மயிர் வரிசைக்குச் சற்று உட்புறமாக, நுண்ணிய துளைகள் வரிசையாக அமைந்துள்ளன. அவை மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள். 1666இல் அவற்றை விவரித்த ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மானிய வைத்தியரின் பெயரால் அவை வழங்குகின்றன. மேலிமையில் சுமார் 30 முதல் 40 வரையும், கீழிமையில் சுமார் 20 முதல் 30 வரையும் அவை உள்ளன. நாம் இமைக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றிலிருந்து துளி எண்ணெய் பிதுங்கி விழியின்மேல் பரவுகின்றது. நலமுள்ள கண்ணில் இவ்வெண்ணெய் தெளிந்து இளகியிருக்கும். சுரப்பி நோயுற்றாலோ, அது தடித்துக் கலங்கி, பற்பசை போன்று கெட்டியாகி, வாயை அடைத்துக்கொள்ளும். பிறகு நீர் இருந்தும் நிற்பதில்லை. கண் வறட்சியுற்றோரில் பெரும்பாலோரிடம் குறை இந்த எண்ணெயிலேயே இருக்கின்றது. சிலருக்குக் கண் வறண்டிருந்தும் கன்னத்தில் கண்ணீர் வழிவதற்குக் காரணம் இதுவே. உறுத்தல் தாங்காத கண் மேலும் நீரைச் சுரக்கின்றது. காக்க எண்ணெய் இல்லாத நீர் நிலைத்து நிற்பதில்லை.

இந்நிலையில் விழியின்மேல் ஒரு லென்ஸை வைத்தால் என்ன நேரும்? ஒரே படலமாக இருந்த கண்ணீர், லென்ஸுக்கு மேலும் கீழுமாக இரண்டாகப் பிளவுபடுகின்றது. மேற்பகுதி மெலிந்து, எண்ணெய்ப் பூச்சும் சீராகப் படராமல், நீர் விரைந்து ஆவியாகின்றது. லென்ஸின் மேற்பரப்பு காய்ந்து, ஒவ்வோர் இமைப்பிலும் இமையின் உட்புறத்தை உரசுகின்றது. நெடுங்காலம் லென்ஸ் அணிவோரிடம் மைபோமியன் சுரப்பிகள் குன்றியிருப்பதாக 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தெரிவித்தனர். பின்வந்த ஆய்வுகளில் சில இதனை ஆதரித்தன. சிலவற்றில் இத்தொடர்பு அவ்வளவு தெளிவாகப் புலப்படவில்லை. ஆயினும் லென்ஸ் அணிவோரின் இமை ஓரத்தை வைத்தியர்கள் கருத்துடன் சோதிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

தலைநகர் தில்லியில் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் இளம்பெண் ஒருத்தியை நாம் கற்பனை செய்துகொள்வோம். காலை 8 மணிக்கு லென்ஸை அணிகிறாள். கோடையில் அனற்காற்று, பனிக்காலத்தில் புகை மூட்டம். அலுவலகத்திலோ நாள் முழுதும் குளிர்சாதனத்தின் உலர்ந்த காற்று. கண் எதிரே கணினித் திரை. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்க வேண்டிய கண், திரையை உற்று நோக்குங்கால் அதில் பாதியும் இமைப்பதில்லை. இமைத்தாலும் முழுதாக மூடுவதில்லை. இமை மூடாவிடில் எண்ணெய் பிதுங்குவது எங்ஙனம்? இதற்குமேல், இமையின் உள் ஓரத்தில் மை தீட்டும் பழக்கம் வேறு. அந்த மை சுரப்பிகளின் வாயிலேயே படிகின்றது. மாலை 4 மணிக்கு அவள் கண்ணைக் கசக்கத் தொடங்குவதில் வியப்பென்ன?

இத்தகையோருக்கே ஒளிச் சிகிச்சை சொல்லப்படுகின்றது. ஒளியால் நோயைத் தீர்ப்பது புதிதன்று. தோலைத் தின்னும் ஒருவகைக் காசநோயை ஒளிக்கதிர்களால் குணப்படுத்திய டென்மார்க் வைத்தியர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபெல் பரிசு கிடைத்தது. பிறந்த குழந்தையின் மஞ்சட்காமாலைக்கு நீல ஒளியில் கிடத்தும் சிகிச்சையை நம் நாட்டு மருத்துவமனைகளில் நேயர்கள் பலரும் கண்டிருப்பர். 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் முக்கியமான ஒரு தத்துவத்தை வெளியிட்டனர். ஒவ்வொரு நிறப்பொருளும் குறிப்பிட்ட சில ஒளியலைகளை மிகுதியாக உறிஞ்சுகின்றது. ஆதலின் தக்க ஒளியைத் தக்க கால அளவில் செலுத்தினால், சுற்றியுள்ளவற்றைக் கெடுக்காமல் வேண்டிய இலக்கை மட்டும் சூடாக்கலாம் என்பதே அத்தத்துவம். இதன் அடிப்படையில் 1990களில் தோல் வைத்தியர்கள் செறிந்த ஒளித்துடிப்புச் சாதனங்களைக் கையாளத் தொடங்கினர்.

கண்ணுக்கு அது வந்த வழி சுவையானது. 'ரோசேசியா' என்பது முகத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து செம்மை படரும் ஒரு தோல் நோய். அதற்கு ஒளிச் சிகிச்சை பெற்றோர் சிலருக்குக் கண் வறட்சியும் குறைந்திருப்பதை, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரைச் சேர்ந்த ரோலாண்டோ டோயோஸ் என்ற கண் வைத்தியர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்தார். கன்னத்தில் செய்த சிகிச்சையின் பயன் கண்ணில் தெரிந்தது. அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல் அவர் தொடர்ந்து ஆராய்ந்து, மூன்றாண்டுக் கால அனுபவத்தை 2015இல் வெளியிட்டார்.

சிகிச்சை நடைபெறும் விதம் இதுதான். லென்ஸை முன்னதாகவே கழற்றிவிட வேண்டும். ஒளி கண்ணுக்குள் புகாதபடி காப்பு மூடிகளை இறுக்கமாகப் பொருத்துவர். கீழிமைக்கு அடியில், ஒரு காதின் முன்புறத்திலிருந்து மூக்கின் மேலாக மறு காதின் முன்புறம் வரை குளிர்ந்த களிம்பைத் தடவுவர். புகைப்படக்காரரின் பளிச்சிடும் விளக்கைப் போன்ற செனான் விளக்கு ஒன்று, வடிகட்டி வழியே, நொடியின் சிறு பின்னத்தில் ஒளித்துடிப்பை வீசும். பச்சை முதல் சிவப்பு ஈறாகக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும், அதற்கு அப்பாற்பட்ட அகச்சிவப்பும் அதில் அடங்கும். ரப்பர் வளையத்தைச் சுண்டிவிட்டாற்போன்ற சுரீரென்ற உணர்ச்சி தோன்றும். சில நிமிடங்களில் ஒளி வீசுதல் முடிந்துவிடும். பிறகு வைத்தியர் இமைகளை மெல்ல அழுத்தி, அடைபட்ட எண்ணெயை வெளியேற்றுவார். 2 முதல் 4 வார இடைவெளியில், பொதுவாக 3 அல்லது 4 முறை இவ்வாறு செய்வர். பயன் நிலையானதன்று, சில மாதங்கள் கழித்து மீண்டும் செய்ய நேரிடலாம்.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இந்த ஒளி கண்ணீரைப் பெருக்குவதில்லை, கண்ணின்மேல் படுவதுமில்லை. அது படுவது இமையைச் சூழ்ந்த தோலில். அழற்சியுற்ற இமையோரத்தில் விரிந்து கிடக்கும் நுண்குழாய்களிலுள்ள இரத்தச் சிவப்பு அவ்வொளியை உறிஞ்சுகின்றது. குழாய்கள் சுருங்கி மூடுகின்றன. அழற்சியை வளர்க்கும் பொருள்கள் சுரப்பிகளை வந்தடைவது குறைகின்றது. வெப்பத்தால் கெட்டி எண்ணெய் இளகுவதும், இமை மயிரடியில் வாழும் நுண்ணிய உண்ணிகள் குறைவதும் உடன் உதவுகின்றன என்பர். இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் ஆராய்ச்சியில் உள்ளது. ஆயினும், எண்ணெயில் குறை உள்ளவருக்கே இச்சிகிச்சை உரியது என்பது இதனால் விளங்கும். மூட்டுவாத இனத்தைச் சேர்ந்த ஷோக்ரன் நோயில் கண்ணீர்ச் சுரப்பியே பழுதுபட்டு நீர் வற்றிவிடுகின்றது. அங்கே ஒளியை மட்டும் நம்பிப் பயனில்லை.

இனி, நம் நாட்டினர் தனித்துக் கருத வேண்டிய செய்திக்கு வருவோம். இரத்தச் சிவப்பு மட்டுமே ஒளியை உறிஞ்சுவதில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருளும் அதே ஒளியைப் பருகுகின்றது. வெண்ணிறத் தோலில் மெலனின் குறைவு. ஒளி உள்ளே சென்று இலக்கை அடைகின்றது. கருநிறத் தோலிலோ ஒளி மேற்பரப்பிலேயே தடைபட்டு, அங்கே வெப்பமாக மாறுகின்றது. அதனால் தோல் வெந்து கொப்புளிக்கலாம். கரும் புள்ளியோ வெண் திட்டோ முகத்தில் தங்கிவிடலாம். கண்ணின் உறுத்தலைப் போக்கப் போய் முகத்தில் வடுவைப் பெற்று வருவது நேரக் கூடாததன்றோ?

தோல் நிறத்தை வகுக்க வைத்தியர்கள் கையாளும் அளவுகோல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் 1975இல் அமைத்தது. முதலில் அது வெண்ணிறத்தாரை மட்டும் நான்கு வகையாகப் பிரித்தது. பழுப்பு நிறமும் கருநிறமும் 5ஆம், 6ஆம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. 2021இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், எண்ணெய்ச் சுரப்பிக் குறையால் வந்த கண் வறட்சிக்கு ஓர் ஒளித்துடிப்புச் சாதனத்தை முதன்முறையாக அனுமதித்தது. அந்த அனுமதி 22 வயது நிரம்பியோருக்கும், 1 முதல் 4 வரையுள்ள தோல் வகையினருக்கும் மட்டுமே உரியது. நம் மக்களில் பெரும்பகுதியினர் 4ஆம், 5ஆம் வகைகளில் அடங்குவர். 6ஆம் வகையினரும் உண்டு. அதாவது, நம்மில் பலர் அந்த எல்லையின் ஓரத்தில் நிற்கின்றோம். பலர் அதற்கு வெளியே இருக்கின்றோம்.

இதனால் இச்சிகிச்சை இந்தியருக்கு ஆகாது என்று கொள்ள வேண்டியதில்லை. மாநிறத்தாருக்கு ஒளியின் ஆற்றலைக் குறைத்தும், வடிகட்டியை மாற்றியும், காதோரத்தில் சிறிதளவு சோதித்துப் பார்த்தும் அனுபவமுள்ள வைத்தியர்கள் செய்கின்றனர். மிகக் கருநிறத் தோலினருக்கு வேறு வழிகளை நாடுவதே நலம். சிவப்பொளி விளக்குகள் பதித்த முகமூடியை அணிவித்து இமைகளை இதமாகச் சூடேற்றும் வேறொரு முறையும் உண்டு. தோல் நிறம் பற்றிய அச்சம் அதில் குறைவு. ஆனால் பயனைக் காட்டும் சான்றுகள் இதுவரை சிலவே. எவ்வாறாயினும், 'என் தோல் எந்த வகையைச் சேர்ந்தது? இத்தோலில் இதைச் செய்து பழக்கமுண்டா?' என்று கேட்க நாம் தயங்கலாகாது. இவ்வினாவைக் கேட்டுச் சினம் கொள்ளும் இடத்தில் சிகிச்சைக்கு அமராமல் இருப்பதே அறிவுடைமை.

கேட்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. வெயிலில் அலைந்து தோல் கறுத்திருக்கும் சமயத்தில் இதைச் செய்தல் ஆகாது. செய்தபின் சில வாரங்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். சில மருந்துகள் தோலை ஒளிக்குக் கூசச் செய்வன. இமைச் சுரப்பி நோய்க்கே வழக்கமாகக் கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின் அவற்றுள் ஒன்று. முகப்பருவுக்கு இளைஞர்கள் உட்கொள்ளும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை, தோலைக் கூசச் செய்வதோடு இமைச் சுரப்பிகளையும் குன்றச் செய்யக்கூடியது. ஆகவே உண்ணும் மருந்து எதையும் வைத்தியரிடம் மறைத்தல் தகாது. கருவுற்ற மகளிரும், முகத்தில் அக்கி வந்து போனவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதன் பயனைப் பற்றி விஞ்ஞானம் என்ன கூறுகின்றது? மருத்துவச் சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பினர் 2020இல் இதனை ஆராய்ந்தபோது, தகுதியுள்ள சோதனைகள் மூன்றே கிடைத்தன. அவற்றில் பங்கேற்றோர் மொத்தம் 114 பேர். பயன் இன்னும் உறுதியாகவில்லை என்றே அவர்கள் தீர்ப்பளித்தனர். அதன்பின் வெளியான சோதனைகள் பலவற்றில் நல்ல பலன் காணப்பட்டிருக்கின்றது. எனினும் 2021இன் அனுமதியும் ஒளியை ஒரு துணையாகவே கூறுகின்றது. வெந்நீர் ஒத்தடம், இமையை அழுத்தி எண்ணெய் நீக்கல், செயற்கைக் கண்ணீர் ஆகியவற்றோடு சேர்த்துச் செய்வதற்கே அது உரியது. 'ஒரே வீச்சில் குணம்' என்று விளம்பரம் செய்வோர் அதற்கு மேலாகச் சொல்கின்றனர்.

ஆதலின் முதற்படி, குறை எங்குள்ளது என்று அறிவதே. மெல்லிய தாள் துண்டைக் கீழிமையில் செருகி, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகின்றது என்று பார்ப்பது நீரின் அளவைக் காட்டும். மஞ்சள் சாயத் துளியிட்டு, இமைக்காமல் இருக்கும்போது கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகின்றது என்று பார்ப்பது அதன் உறுதியைக் காட்டும். 10 நொடிக்குள் உடைந்தால் அது பொதுவாகக் குறையே. இமையை அழுத்தி எண்ணெயின் தன்மையைப் பார்ப்பது சுரப்பியின் நிலையைக் காட்டும். இச்சோதனைகள் எளியவை. இவை ஏதுமின்றி நேரே ஒளிக்கு அனுப்பப்படுவோர் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யத்தக்கவை பல. லென்ஸைக் கழற்றிய பின், தூய துணியை இதமான வெந்நீரில் பிழிந்து, மூடிய இமைகளின்மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்கலாம். ஆறினால் மீண்டும் நனைக்க வேண்டும். பிறகு இமையை ஓரத்தை நோக்கி மெல்ல நீவிவிட வேண்டும். திரையைப் பார்க்கும்போது அடிக்கடி முழுதாக இமைக்கப் பழக வேண்டும். மையை இமையின் உள் ஓரத்தில் தீட்டாது விடலாம். குளிர்சாதனத்தின் காற்று முகத்தில் நேரே படாதபடி இருக்கையை மாற்றிக்கொள்ளலாம். லென்ஸ் அணியும் நேரத்தைக் குறைப்பதும், அன்றாடம் மாற்றும் லென்ஸுக்கு மாறுவதும் பலருக்கு நலம் தரும். லென்ஸைக் குழாய் நீரில் கழுவுவதும், எச்சிலால் நனைத்து அணிவதும் கொடிய தொற்றுக்கு இடமாகும். கடையில் சொட்டு மருந்து வாங்கித் தாமே இடுவோர், அதில் ஸ்டிராய்டு கலந்திருந்தால் நாளடைவில் கண் அழுத்த நோய்க்கும் புரைக்கும் வழி தேடிக்கொள்கின்றனர்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வறட்சியின் உறுத்தல் நாளடைவில் வளரும், மாலையில் மிகும். லென்ஸ் அணிந்த கண்ணில் திடீரெனக் கடும் வலி, நீங்காத சிவப்பு, வெளிச்சத்தைக் காணக் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவை தோன்றினால் அது வறட்சியன்று; கருவிழியில் புண் என்றே ஐயுற வேண்டும். உடனே லென்ஸைக் கழற்றி, அன்றைய தினமே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும். ஒரு நாள் தாமதம் பார்வையையே பறித்துவிடக்கூடும்.

ஒளி நல்ல மருந்துதான். ஆனால் வெந்நீர்த் துணியும், இமைக்க மறவாத பழக்கமும், வைத்தியரின் பொறுமையான சோதனையும் முன்னே சென்றபின் வர வேண்டிய மருந்து அது. அதற்கு நாம் அமரும் நாளில் இரண்டு வினாக்களுக்கு விடை பெற்றிருத்தல் வேண்டும்: என் குறை எண்ணெயில்தானா? என் தோலுக்கு இந்த ஒளி ஏற்றதா? இவ்விரண்டையும் கேட்டுத் தெளிந்தவர் ஒளியினால் பயன் பெறுவர். ஒளி தமக்கு வேண்டாம் என்று தெரிந்துகொண்டவரும் பயன் பெற்றவரே.